சார்லி மாமாவும் செத்த மீனும்

ஒரு பந்தை எறிவதில் இத்தனை சாப்பாட்டுச் சாமான் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வேகமாக எறிந்தால் அதற்குப் பேர் சீஸ். நெஞ்சுக்கு மேலே வேகமாகப் போனால் உயரத்துச் சீஸ். அடிப்பவனுக்கு வாகாக நடுவில் போய் நின்றால் மீட்பால், அதாவது கறி உருண்டை. மெதுவாக, உயிரில்லாமல் வருகிற பந்துக்குச் செத்த மீன். சாப்பாட்டில் சேராததும் உண்டு. முகவாயை உரசினாற்போல் போனால் தாடைச் சங்கீதம். இதையெல்லாம் தலை நரைத்த அமெரிக்க இன்ஜினியர்கள் கொஞ்சமும் சிரிக்காமல் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு நிற்கிற எனக்குத்தான் சிரிப்பு வரும்.

எண்பதுகளின் நடுவில் நான் வளைகுடாவில், ருவைஸ் என்கிற இடத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் டைப்பிஸ்ட். எங்கள் சூப்பரின்டென்டென்ட் ஒரு அமெரிக்கர். அவர் சொல்வார், நான் டைப் அடிப்பேன். வாரம் முழுவதும் எனக்கும் அவருக்கும் அதுதான் உறவு. வெள்ளிக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அவரும் அவர் ஊர்க்காரர்களும் கேம்ப்புக்குப் பின்னால் பேஸ்பால் ஆடுவார்கள். புல்லா, தண்ணியா, ஒன்றும் கிடையாது. மணலை ரோலர் விட்டுக் கெட்டியாக்கியிருப்பார்கள். தச்சுப் பட்டறையில் பிளைவுட்டை ஐந்து மூலையாக அறுத்து, வெள்ளை அடித்து, அதைத்தான் அடிப்பவன் நிற்கிற இடத்தில் பதித்திருந்தார்கள்.

நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. என்னை மாட்டிவிட்டது என் ரூம்மேட். யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டோர் கீப்பர். அவருடைய வீட்டார் அப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்களா கொழும்புக்கு வந்துவிட்டார்களா என்று சில வாரங்கள் அவருக்கே தெரியாது. அந்தக் கவலையை மறக்க மற்றவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைப்பார். ஒரு நாள் ஸ்டோருக்கு வந்த சூப்பரின்டென்டென்ட், தங்கள் டீமில் பந்து பிடிக்கிறவர் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார், ஆள் இல்லை என்று புலம்பியிருக்கிறார். இவர் உடனே, என்னுடைய ரூம்மேட் காலேஜில் கிரிக்கெட் கீப்பராக இருந்தவன் என்று போட்டுக்கொடுத்துவிட்டார்.

"ஐசே, உமக்கு ஒரு நல்ல காரியம் செய்து வச்சிருக்கிறன்" என்றார் ரூமுக்கு வந்து.

"எனக்கு எதுக்குய்யா இந்த வேண்டாத வேலை?" என்று நான் சீறினேன்.

"விசர்க்கதை கதையாதையும். உமக்குக் குவார்ட்டர்ஸ் வேணும். அதுக்கு ஆர் கையெழுத்துப் போட வேணும்? அந்த மனுசன். வெள்ளிக்கிழமை அவருக்குப் பந்து பிடிச்சுக் குடுத்தீரெண்டா, ஒரு நாளைக்குக் கேக்கலாம்தானே."

அவர் சொன்னதில் இருந்த உண்மைதான் என் வாயை அடைத்தது. ஊரில் மனைவியும் மகளும். எனக்கு இங்கே நாலு கட்டில் போட்ட ரூம். ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் ஃபேமிலி விசா. குவார்ட்டர்ஸுக்கு சூப்பரின்டென்டென்ட் சிபாரிசு செய்யவேண்டும். அவரிடம் கேட்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைத்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், யாரிடமும் எடுத்தெறிந்து பேசிவிடுவேன், மேலதிகாரி முன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அது என்ன வீரமோ.

முதல் வெள்ளிக்கிழமையே மானம் போனது. முகத்துக்குக் கம்பி வலை, நெஞ்சுக்கு மெத்தை, இடது கையில் தலையணை அளவு கிளவுஸ் மாட்டி, அடிப்பவனுக்குப் பின்னால் என்னைக் குந்த வைத்தார்கள். சூப்பரின்டென்டென்ட் மணல் மேட்டில் நின்று எறிந்தார். ஓடி வருவது கிடையாது, தரையில் குத்துவது கிடையாது. எங்கள் ஊரில் பௌலர் கையை மடக்கி எறிந்தால் மாங்கா எறிகிறான் என்று நோபால் கொடுப்பார்கள். இங்கே ஆட்டமே மாங்காதான். நான் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். பந்து மட்டையின் ஓரத்தில் உரசி என் வலது கட்டைவிரல் நகத்தில் வந்து இறங்கியது. உயிர் போய் உயிர் வந்தது.

சூப்பரின்டென்டென்ட் இறங்கி வந்து என் விரலைப் பிடித்துப் பார்த்தார். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ், என் காதில் விழுந்த மாதிரி எழுதுகிறேன். "டைப் அடிக்கிற கை. பின்னால கட்டிக்கோ. ஒத்தைக் கையால பிடி" என்றார். ஒற்றைக் கையால் பிடிப்பது எங்கள் காலேஜில் திமிர், கோச் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதற்கு எனக்கு ஆபீஸில் நல்ல பழக்கம் இருந்தது. அதனால் சீக்கிரம் வந்துவிட்டது.

அடுத்ததாக அவர் சொன்னதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை. எந்தப் பந்தை எறியவேண்டும் என்று நான் சொல்லவேண்டுமாம். தொடைக்கு நடுவே, அடிப்பவன் கண்ணில் படாமல், விரலால் காட்டவேண்டும். ஒரு விரல் என்றால் ஹீட்டர், உள்ளதிலேயே வேகமான பந்து. இரண்டு விரல் என்றால் சார்லி மாமா. நாலு விரலை ஆட்டினால் செத்த மீன்.

"நான் சொல்றதா? நீங்க எறியப் போறீங்க, நான் சொல்றதா சார்?" என்றேன்.

"நீதான் அடிக்கிறவன் பக்கத்துல உக்காந்திருக்க. அவன் கால் எங்க இருக்கு, தோள் எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். நீ கேளு, நான் எறியறேன். எனக்குச் சரியாப் படலைன்னா தலையை ஆட்டுவேன். அதுக்காக மனசு விட்டுடாதே. வேற ஒண்ணு காட்டு. இல்ல, நீ சொல்றதுதான் சரின்னு தோணிச்சுன்னா அதையே மறுபடி காட்டு."

கிரிக்கெட்டில் கீப்பர் பௌலருக்கு உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை. அதிலும் எனக்குச் சம்பளம் ஏற்றித் தருகிற மனுஷனுக்கு, தொடைக்கு நடுவே விரலைக் காட்டி உத்தரவு போடுவதா? எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆனால் பெயர்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, பார்த்தவரையெல்லாம் கேட்டேன். செத்த மீன் ஏன் என்று ஒருவர் விளக்கினார். எறிகிறவர் முழு வேகத்தில் கையை வீசுவார், அடிப்பவனும் அவசரப்பட்டு வீசிவிடுவான், பந்து மட்டும் சாவகாசமாகப் பிற்பாடு வந்து சேரும். அதில் உயிர் இல்லையாம், அதனால் மீன். சரி, ஒத்துக்கொள்ளலாம். அடித்த அடியில் பந்து எல்லை தாண்டிப் போய்விட்டால், அப்படி அடிக்க வைத்த எறிக்கு கோஃபர் என்று பேர். கோஃபர் என்பது அவர்கள் ஊரில் பொந்து தோண்டுகிற ஒரு பிராணி. பறந்து போன பந்துக்குப் பொந்துப் பிராணியின் பேர் எதற்கு என்றால், தோளைக் குலுக்கிவிட்டார்கள்.

சார்லி மாமாவைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. அந்தப் பந்து தலைக்கு வருகிற மாதிரி வரும். நான் கிளவுஸைத் தூக்குவேன். கடைசியில் வளைந்து முழங்காலுக்கு இறங்கிவிடும். வீட்டு வாசல்வரை வந்துவிட்டு அடுத்த வீட்டுக்குள் நுழைகிற சொந்தக்காரர் மாதிரி. யார் அந்த சார்லி, அவர் யாருக்கு மாமா என்று வெல்டிங் இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன், சேஃப்டி ஆபீசரிடம் கேட்டேன், டிராயிங் ஆபீஸில் கேட்டேன். ஒருவர் அது ஏதோ பழைய கதை என்றார், ஒருவர் அப்படி ஒரு ஆளே இல்லை என்றார், ஒருவர் உனக்கு வேறு வேலையே இல்லையா என்றார். தினமும் வாயில் புழங்குகிற பேருக்கு ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை.

இதையெல்லாம் நான் மனைவிக்குக் கேசட்டில் சொல்லுவேன். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, லீவில் போகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புகிற காலம் அது. எங்களிடம் இருந்தது ஒரே கேசட். நான் பேசி அனுப்புவேன். அவள் கேட்டுவிட்டு, அதன்மேலேயே தன் குரலைப் பதிந்து அனுப்புவாள். அது வந்ததும் நான் கேட்டுவிட்டு அதன்மேல் பேசுவேன். அவள் குரலை அழித்துத்தான் என் குரல் போகும், அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

அவள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், லீவ் வேகன்ஸியில், அதாவது தற்காலிகமாக. கேசட்டின் முதல் பாதியில் மகள் பாட்டுப் பாடுவாள், அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன். பிறகு பள்ளிக்கூடத்துக் கதை வரும். ஹெட்மாஸ்டர் அஞ்சாங்கிளாஸை இவளிடம் கொடுத்தது, இன்ஸ்பெக்‌ஷன், பெர்மனென்ட் ஆர்டர் எதிர்பார்க்கிறது. அது ஓடும்போது நான் ஷேவ் செய்துகொள்வேன். கடைசியில் குவார்ட்டர்ஸ் பேச்சு வந்ததும் ரேசரை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருவேன். அவள் எப்போதும் ஒரே மாதிரி முடிப்பாள்.

"குவார்ட்டர்ஸ் விஷயம் உங்க இஷ்டம். நீங்க என்ன சொல்லுதீங்களோ அப்படியே செஞ்சுக்கிடுவோம்."

பாவம், எவ்வளவு ஏங்கிப்போய் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அதனால் மைதானத்தில் நான் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தேன். சூப்பரின்டென்டென்ட் முகத்தைப் பார்ப்பேன். அவருக்கு எது பிடிக்குமோ அதைக் காட்டுவேன். அவருக்கு ஹீட்டர்தான் பிடிக்கும் என்பது என் முடிவு. முதல் நாள் ஹீட்டர் எறிந்துவிட்டு அவர் சிரித்ததைப் பார்த்திருந்தேன். அது போதாதா? ஒரு விரல், ஒரு விரல், மறுபடியும் ஒரு விரல். அவர் ஒருமுறைகூடத் தலையை ஆட்டவில்லை. சரியாகத்தான் பிடித்திருக்கிறோம் என்று எனக்குள் பெருமை. எப்போதாவது மாற்றத்துக்கு சார்லி மாமாவைக் கூப்பிடுவேன், செத்த மீனைக் கூப்பிட்டதே இல்லை. பெரிய மனுஷனைப் பார்த்து உயிரில்லாமல் எறி என்று சொல்வது மரியாதையா?

ரூம்மேட் வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்ப்பார். "நீர் கீப்பரோ, பியூனோ?" என்று கேட்பார் ரூமுக்கு வந்ததும். நான் அவர் சமைத்த சொதியில் உப்பில்லை என்று சொல்லி வாயை அடைப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை டாங்கு கட்டுகிற ஜப்பான் கம்பெனிக்காரர்களோடு ஆட்டம். அவர்கள் வெறும் மணலைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். கொஞ்ச நேரம் எங்கள் ஹீட்டர் எடுபட்டது. பிறகு அவர்களுக்குப் புரிந்துவிட்டது, இவனிடம் இது ஒன்றுதான் வருகிறது என்று. வேகத்துக்குத் தகுந்த மாதிரி மட்டையைச் சீக்கிரம் எடுத்து வெளுக்க ஆரம்பித்தார்கள். ஒரு பந்து வேலி தாண்டி, டிரக் நிறுத்துகிற இடத்தில் போய் விழுந்தது. கோஃபர். எங்கள் ஆட்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். சூப்பரின்டென்டென்ட் மேட்டிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். நான் முகவலையைக் கழற்றினேன்.

"உனக்கு ஹீட்டர் மேல என்ன அவ்வளவு பிரியம்?" என்றார்.

"உங்களுக்குத்தானே சார் பிரியம்."

"எனக்கா? யார் சொன்னா?"

"நீங்க தலையை ஆட்டவே இல்லையே சார்."

"நீ ஏதோ காரணமாத்தான் கேக்கறன்னு நினைச்சேன். கிரிக்கெட் கீப்பரா இருந்தவன், அடிக்கிறவன் கால்ல எதையோ கண்டுபிடிச்சிட்டான், நமக்குத் தெரியல, அவன் சொல்றத எறிவோம்னு எறிஞ்சேன். எனக்கு ஒரு மாசமாத் தோள்ல வலி. நாலு விரல் காட்ட மாட்டானா, காட்ட மாட்டானான்னு ஒவ்வொரு தடவையும் உன் கையப் பாத்துக்கிட்டு நிக்கறேன்."

நான் அவருக்குப் பணிந்து ஹீட்டர் காட்டியிருக்கிறேன். அவர் எனக்குப் பணிந்து ஹீட்டர் எறிந்திருக்கிறார். வேண்டும் என்று இரண்டு பேருமே நினைக்காத ஒன்றை, வாராவாரம், தோள் கழல எறிந்து, விரல் வீங்கப் பிடித்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஜப்பான்காரர்கள், தோற்கிறவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் பார்த்தார்கள்.

திரும்பிக் குந்தினேன். அடிக்கிறவனைப் பார்த்தேன். முதல் தடவையாக உண்மையிலேயே பார்த்தேன் என்று சொல்லவேண்டும். முன்னங்கால் பரபரத்துக்கொண்டிருந்தது, ஹீட்டருக்குக் காத்திருக்கிறான். நாலு விரலை நீட்டி ஆட்டினேன். மேட்டில் நின்றவர் மெதுவாக, மேலும் கீழுமாக ஒரு தலையசைப்பு அசைத்தார். கையை முழு வேகத்தில் வீசினார். அடிப்பவன் காற்றை வெட்டிவிட்டு ஒரு முழங்காலில் விழுந்தான். அதன் பிறகுதான் செத்த மீன் வந்து என் கிளவுஸில் உட்கார்ந்தது. அன்றைக்கு நாங்கள் தோற்றோம். ஆனால் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

ஆட்டம் முடிந்ததும், தோளில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு அவர் கேட்டார். "வேற ஏதாவது என்கிட்ட கேக்காம வச்சிருக்கியா?"

"இல்ல சார்" என்றது என் வாய். பாவி வாய்.

ரூமுக்கு வந்து என்னை நானே திட்டிக்கொண்டேன். சனிக்கிழமை ஆபீஸ் திறந்ததும் அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். கையைப் பின்னால் கட்டவில்லை. ஃபேமிலி குவார்ட்டர்ஸ் வேண்டும், மனைவியையும் மகளையும் அழைத்துவர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். உன் கிரேடுக்கு ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடையாது, ரூல் அப்படி என்றார்.

முந்தின வாரமாக இருந்தால் தேங்க்யூ சார் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஆனால் அந்தத் தலையாட்டலை எனக்கு இப்போது தெரியும். அங்கேயே நின்று, அதே வார்த்தைகளில், அதையே மறுபடியும் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். புரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டு ஹவுசிங் ஆபீசுக்குப் போன் போட்டார். ஃபேமிலி லைனில் ஒரு போர்ட்டா கேபினில், அதாவது தகரப் பெட்டி வீட்டில், பாதி காலியாக இருந்தது. அது எனக்கு.

அன்று மாலையே கேசட்டை எடுத்துப் பேசினேன். குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, பாஸ்போர்ட்டுக்குக் கொடு, பாப்பாவுக்கு டிசி வாங்கிவிடு, நீ வேலையை எழுதிக் கொடுத்துவிடு என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். மறுநாள் லீவில் போகிற ஒரு ஃபோர்மேன் கையில் அதைக் கொடுத்தனுப்பினேன். ரூம்மேட் பாயசம் வைத்தார். ஜவ்வரிசி வேகவில்லை, நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

பதில் வந்தது. இந்தத் தடவை மகளின் பாட்டு இல்லை. எடுத்ததுமே அவள்.

"என்னங்க. ரொம்ப சந்தோஷமாப் பேசிருக்கீங்க. எனக்கு ஒண்ணு சொல்லணும், கோவப்படாதீங்க. வேலைய எழுதிக் குடுன்னு சொல்லிட்டீங்க. எனக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வந்துட்டுன்னு போன கேசட்லயே சொன்னேன். நீங்க அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. நான் வரமாட்டேன்னு சொல்லல. உங்களப் பாக்கணும்னு எனக்கு இல்லாமலா இருக்கு? ஆனா ஒனக்கு என்ன தோணுதுன்னு நீங்க என்னைய ஒரு தடவகூடக் கேட்டதில்ல. உங்க இஷ்டம், உங்க இஷ்டம்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சூப்பரின்டென்டென்ட்டிடம் இரண்டு தடவை வாய்விட்டுக் கேட்டு வாங்கிய குவார்ட்டர்ஸ். ஊர் உலகத்தில் எவளாவது வேண்டாம் என்பாளா? ரூமுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ரூம்மேட் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"நீர் அவவைக் கேட்டனீரோ?" என்றார்.

"இதுல கேக்க என்னய்யா இருக்கு? அவளுக்குத்தான் இஷ்டம்னு..."

"ஆர் சொன்னது?"

மைதானத்தில் நான் முகவலையைக் கழற்றி நின்றபோது இதே கேள்வியைக் கேட்ட சூப்பரின்டென்டென்ட் ஞாபகம் வந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒவ்வொரு கேசட்டிலும் எனக்கு ஒரு விரல் காட்டியிருக்கிறாள், என் முகத்தை மனசில் வைத்துக்கொண்டு. நான் ஷேவ் செய்துகொண்டு ஹீட்டராக எறிந்திருக்கிறேன்.

அந்தக் கேசட்டின்மேல் பேச எனக்கு மனசு வரவில்லை. கடைக்குப் போய்ப் புதுக் கேசட் ஒன்று வாங்கினேன். பட்டனை அழுத்தி, "ஒனக்கு என்ன தோணுது? சொல்லு. நீ சொன்ன பிறகு நான் சொல்லுதேன்" என்று மட்டும் பேசி நிறுத்தினேன். மிச்ச டேப் முழுவதையும் அவளுக்கு விட்டு அனுப்பினேன்.

அவள் பதில் வந்த அன்று ரூமில் யாரும் இல்லை. முதலில் மகள் பாடினாள். பிறகு பள்ளிக்கூடத்துக் கதை. ஷேவ் செய்யாமல் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். அஞ்சாங்கிளாஸில் ஒரு பையனுக்கு இவள் சொல்லிக்கொடுத்துத்தான் வாசிக்க வந்ததாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அப்புறம் கேட்டாள், "அந்த சார்லி மாமா யாருன்னு கடைசில கண்டுபிடிச்சீங்களா, இல்லியா?"

பிறகு சொன்னாள். "பரீட்ச முடிஞ்சதும் நானும் பாப்பாவும் வருதோம். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும்போது நான் இங்க இருக்கணும். வருஷா வருஷம் அப்படி வருதோம். எனக்குத் தோணுதது இதுதான். உங்களுக்குச் சம்மதமா?"

கேபினில் பாதியை வருஷம் முழுவதுக்குமாகக் கேட்டு வாங்கியிருந்தேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு மாசத்துக்குத் தா என்று மறுபடி போய் நிற்கவேண்டும். அவர் தலையை ஆட்டுவார், மறுபடி கேட்கவேண்டும். ரூமில் இன்னும் எத்தனை வருஷம் இந்த நாலு கட்டில் என்று எண்ணிப் பார்த்தேன். டேப் ரெக்கார்டர் அவள் கேள்விக்குப் பிறகும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நான் அதன் முன்னால் உட்கார்ந்து, பார்க்க ஆள் இல்லாவிட்டாலும், மெதுவாகத் தலையை அசைத்தேன். மேலும் கீழுமாக.